ஆப்பிள் வாங்கிப் போகிறவர்களுக்கு

உடம்பு சரியில்லாத பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள். வழியில் பழக்கடையில் வண்டியை நிறுத்தி ஆறு ஆப்பிள் வாங்குகிறீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு, "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். அந்த ஆறு ஆப்பிளும் பிறகு என்ன ஆயிற்று என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

நானும் கேட்டதில்லை. நாற்பது வருஷம் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். என் பெரிய அண்ணன் படுத்தபோதுதான் விடை தெரிந்தது.

அண்ணனுக்கு அப்போது 79 வயது. பல் செட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். நாலு நாளில் வந்து சேர்ந்தது 31 ஆப்பிள். ஆமாம், எண்ணினேன். கணக்குப் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் வேறு என்ன வேலை? அந்த 31-ல் ஒன்றைக்கூட அவரால் கடிக்க முடியவில்லை. அண்ணி துருவிக் கொடுத்தார். அது கறுத்துப்போவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜூஸ் போட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு "பல்லெல்லாம் கூசுது" என்றார், இல்லாத பல்லை நினைத்துக்கொண்டு! பக்கத்துக் கட்டிலுக்குக் கொஞ்சம் போயிற்று. மீதி வீட்டு ஃப்ரிட்ஜில் சுருங்கிக் குப்பைக்குப் போயிற்று.

கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பல் இல்லாத மனிதருக்குக் கடிக்கிற ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வருவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது போலத்தான். போனோம், வந்தோம் என்பதற்கு அது சாட்சி. அவர் சாப்பிட்டாரா என்பது நம் கவலை இல்லை.

ஆப்பிளைக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. சுட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

"பழத்தைப் போய் யாராவது வேகவைப்பார்களா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். ஏன், நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் நேந்திரம் பழத்தை ஆவியில் வேகவைத்துக் குழந்தைக்கும் கிழவருக்கும் கொடுப்பதில்லையா? அதற்குத் தலையாட்டுகிற நாம் ஆப்பிள் என்றதும் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

நானும் சுளித்தவன்தான். மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஆறு மாதம் இருந்தோம். அங்கே கடையில் கடித்துத் தின்கிற ஆப்பிள் ஒரு பக்கம், சமைக்கிற ஆப்பிள் இன்னொரு பக்கம். சமைக்கிற ஆப்பிளுக்குப் பெயர் பிராம்லி. பெரிசாக, பச்சையாக இருக்கும். கடித்தால் புளிப்பில் கண் மூடிக்கொள்ளும். அதன் தாய்மரம் வளர்ந்தது பக்கத்திலேயே இருக்கும் சவுத்வெல் என்ற சிற்றூரில். 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி தொட்டியில் ஊன்றிய விதை அது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. நவம்பர் குளிரில் ஒருநாள், சுட்ட ஆப்பிளைக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பூன் பட்டதும் வெண்ணெய் போல வழிந்தது. அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆப்பிளைக் கண்டு பயப்படாத காரணம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த சாக்கு: "எங்கள் வீட்டில் ஓவன் இல்லையே." இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடி கனமான வாணலியும் மூடியும் போதும். செய்முறை இவ்வளவுதான்.

ஆப்பிளைக் கழுவி, காம்புப் பக்கத்திலிருந்து சின்னக் கத்தியால் நடுவிலுள்ள விதைப்பகுதியைக் குடைந்து எடுங்கள். அடிவரை போய்விடக் கூடாது, உள்ளே வைப்பது ஒழுகிவிடும். பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலை மட்டும் ஒரு கோடு கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து தோல் கண்டபடி வெடிக்கும். குழிக்குள் பத்துப் பதினைந்து உலர் திராட்சை, ஒரு சிட்டிகை பட்டைத் தூள், ஒரு கிராம்பைப் பொடித்ததில் பாதி, துருவிய ஜாதிக்காய் கடுகளவு. மேலே அரை ஸ்பூன் வெண்ணெய். தட்டில் மூன்று ஸ்பூன் தண்ணீர். ஓவனில் 180 டிகிரி சூட்டில் 40 நிமிடம். வாணலி என்றால் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் 25 நிமிடம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பழத்தின் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் சூட்டில் இளகிவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். பல் இல்லாதவருக்குத் தோலை உரித்துவிட்டு, திராட்சையையும் மசித்துக் கொடுங்கள். வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகு கொடுங்கள், உள்ளே இருக்கும் சாறு வெகுநேரம் கொதிக்கும்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். ஆங்கிலச் சமையல் புத்தகங்களைப் பார்த்துச் செய்கிற நம் பிள்ளைகள், இந்த எளிய பண்டத்தின் மேல் பழுப்புச் சர்க்கரை, கஸ்டர்டு, ஐஸ்கிரீம் என்று அடுக்குகிறார்கள். பிராம்லியின் புளிப்புக்குச் சர்க்கரை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் ஆப்பிளுக்கு எதற்கு? சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லாவுக்குப் பக்கத்தில் கோட்கரில் 1916 வாக்கில் நட்ட டெலிஷியஸ் வகைதான் இமாசலம் முழுக்கப் பரவியது. அது பிறவியிலேயே இனிப்பு. நடுத்தர ஆப்பிள் ஒன்றிலேயே ஏறக்குறைய 19 கிராம் சர்க்கரை இருக்கிறது, திராட்சை வேறு. சர்க்கரை நோயாளி என்றால் திராட்சையைக் குறைத்துப் பாதிப் பழம் கொடுங்கள், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். டெலிஷியஸ் வெந்தால் சற்று மாவாகும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உருவம் குலையாமல் வேண்டுமென்றால் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிளை வாங்குங்கள்.

பட்டையிலும் ஒரு எச்சரிக்கை. பிரியாணிக்குப் போடுகிற தடித்த, முரட்டுப் பட்டை பெரும்பாலும் காசியா. இலங்கைப் பட்டை வேறு: காகிதம் போல மெல்லிய ஏடுகள் சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பாவில் உணவுப் பண்டங்களில் அதற்கு உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். என்றோ ஒருநாள் ஒரு சிட்டிகை போடுவதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் செய்வதாக இருந்தால் இலங்கைப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசிச் சாக்கு ஆண்களுடையது: "இதையெல்லாம் வீட்டில் அவள்தான் செய்ய வேண்டும்." ஐயா, ஓய்வு பெற்று எத்தனை வருஷம் ஆயிற்று? பழக்கடையில் நின்று பேரம் பேசுகிற நேரத்தில் பாதி போதும், குடைந்து அடுப்பில் வைத்துவிடலாம். அண்ணன் வீடு திரும்பிய அன்று, மிச்சமிருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து நான்தான் சுட்டேன். அண்ணி நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் முகர்ந்து பார்த்தார். ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். கால் மணி நேரத்தில் முழுசும் உள்ளே போயிற்று. "இத்தனை நாள் இதை ஏண்டா செய்யலே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் இருந்தார். அதில் எத்தனை நாள் முடிந்ததோ அத்தனை நாளும் செய்துகொடுத்தேன்.

இப்போது யாரைப் பார்க்கப் போனாலும், அவர் என்ன சாப்பிடலாம் என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு, ஒரு எவர்சில்வர் தூக்கில் சுட்ட ஆப்பிளைச் சூடாக எடுத்துப் போகிறேன். தூக்கு காலியாகும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். தூக்கைத் திரும்ப வாங்க வேண்டுமே!