எமக்கென ஒரு விலாசம்

"நீங்கள் இந்தியாவா?" என்று கொழும்பில் எங்களைக் கேட்கிறார்கள். இந்தியாவுக்குப் போய்விட்ட எங்கள் உறவினரை அங்குள்ளோர் "சிலோன்காரர்" என்கிறார்கள். இரு கரையிலும் அடுத்த கரையாராக எண்ணப்படும் மக்கள் மலையகத் தமிழராகிய எங்களைப் போல் வேறு யார் உளர்?

கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட எம் மூதாதையர், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர் தேயிலை வந்தது. சுதந்திரமும் வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ, இங்கு பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கு பிறந்தமைக்கு அத்தாட்சி வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கொழுந்தைக்கூட எங்கள் பெண்கள் பார்த்துத்தானே பிரிக்கிறார்கள்!

எங்களில் ஒருத்தியின் அம்மாயி 1952இல் இங்கேயே பிறந்தவர். அவருடைய அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். அம்மாயி எந்நாட்டுப் பிரசையுமல்லாமல் இங்கேயே கொழுந்து பறித்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் இலங்கையரானார். அப்போது அவருக்கு வயது 51. அந்தப் பத்திரத்தை இன்றும் வேதப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறார்.

பிரசாவுரிமைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்போர் எங்கள் விலாசத்தைப் பார்க்கட்டும். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். பழைய லயங்களில் வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். ஒரே பெயரில் மூவர் இருந்தால் அது யாரைச் சேரும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தும் லயக் காம்பராவும் அது நிற்கும் நிலமும் எங்களுடையவையல்ல. காணியுறுதியும் வாசலில் ஓர் இலக்கமும் கிடைக்கும் வரை பிரசாவுரிமை பாதி வழியில்தான் நிற்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம், பரீட்சை முடிந்து நான்காம் நாளே கைக்குக் கிடைத்தது. விண்ணப்பங்களில் அவர் இப்போது நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் விலாசத்தையே எழுதுகிறார்.