ஒரு கையில் பிள்ளை, மறு கையில் நெருப்பு



அலவத்துகொடயிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட இரவுகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறார். அந்தப் பகுதியில் மண்சரிவில் உயிர்கள் போயின என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய வீடு தப்பியது. ஆனால் கறண்ட் இல்லை, பாதை இல்லை, கேஸ் சிலிண்டரும் முடிந்துவிட்டது. பின்பக்கத்து விறகடுப்பில் பிள்ளைக்குப் பால் கரைக்க ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வைக்கப் போயிருக்கிறார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. இறக்கிவிட நிலம் முழுவதும் சேறு. நெருப்புப் பெட்டி நனைந்து உரசும் பக்கம் கூழாகிவிட்டது. கேஸ் அடுப்புக்குத் தட்டும் லைட்டரை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். பொறி வந்ததே தவிரக் காகிதம் பிடிக்கவில்லை.

"கட்டாரிலிருக்கும் என் தம்பி, காட்டுக்குப் போகிறவர்கள் பாவிக்கும் ஒற்றைக்கை நெருப்புப் பொறி ஒன்று அனுப்பவா என்று கேட்கிறான். பல வகை இருக்கிறதாம். எதை வாங்கச் சொல்வது?" இதுதான் கேள்வி.

முதலில், நம் குசினியில் இருப்பவை ஏன் கைவிட்டன என்று பார்ப்போம். நெருப்புப் பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பொஸ்பரஸ். குச்சி காய்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் ஈரமானால் வேலை முடிந்தது. அதோடு பெட்டிக்கு ஒரு கை, குச்சிக்கு ஒரு கை வேண்டும். 'டக் டக்' என்று தட்டும் கேஸ் லைட்டருக்குள் இருப்பது ஒரு பளிங்குத் துண்டு. அதை அடிக்கும்போது மின்பொறி பாய்கிறது. கேஸைப் பற்றவைக்க அது போதும். காகிதத்தையும் விறகையும் பற்றவைக்கும் சூடு அதில் இல்லை. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்று, கடைசியில் விறகுக்குத் திரும்பிய நம்மில் பலர் இதை அப்போதே கண்டுகொண்டோம்.

காட்டுக்குப் போகிறவர்களின் பொறி வேறு இனம். சீரியம் முதலிய உலோகங்களையும் இரும்பையும் சேர்த்துச் செய்த சிறு கோல் அது. உரசினால் உதிரும் துகள்கள் ஏறத்தாழ 3000 பாகை செல்சியஸ் சூட்டில் எரியும். நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். 1903இல் இதைக் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவர் வொன் வெல்ஸ்பாக். கலியாண வீடுகளில் பெற்றோமக்ஸ் ஏற்றுவோமே, அந்த வகை விளக்கின் மென்டிலும் இவருடைய கண்டுபிடிப்புத்தான்! கடையில் வாங்கும் சாதாரண சிகரெட் லைட்டரின் 'கல்' என்கிறோமே, அதுவும் இதே உலோகம்தான்.

இனித் தம்பியிடம் என்ன சொல்வது? மலிவாகக் கிடைப்பது கோலும் உரசும் தகடும் தனித்தனியாக இருக்கும் வகை. அது வேண்டாம், அதற்கு இரண்டு கை தேவை. கோலைக் காலால் மிதித்துக்கொண்டு உரசலாம் என்பார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், தெரியும்!

ஒரு கைக்கென்றே செய்தவை இரண்டு வகை. ஒன்றில் பெருவிரலால் சுழற்றும் சிறு சக்கரம் இருக்கும். அமெரிக்க விமானப்படையினரின் உயிர்காப்புப் பொதிக்குள் வைத்தது இந்த வகையைத்தான். மற்றதில் ஸ்பிரிங் மேல் கோல் நிற்கும். முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினால் பொறி மழையாகக் கொட்டும். பொறி அதிகம் என்று பார்த்தால் இரண்டாவதுதான். ஆனால் ஊன்ற உறுதியான தரை வேண்டும், கையில் பலமும் வேண்டும். அழுத்தும் வேகத்தில் பஞ்சு சிதறியும் போகும். இந்தச் சகோதரிக்குச் சக்கர வகையே பொருத்தம் என்பது என் எண்ணம்.  எதுவானாலும் வந்த அன்றே இருட்டில், இடக்கையாலும் ஒருமுறை பழகிப் பாருங்கள்.

ஒரு விடயம். தம்பியின் பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சக்கரம் வைத்த சாதாரண லைட்டர் இரண்டை இன்றே வாங்கி, இறுக மூடும் போத்தலில் போட்டு வையுங்கள். அதுவும் ஒரு கைச் சாமான்தான். நனைந்தால் ஊதி, சக்கரத்தைத் துணியில் பல தடவை உருட்டிக் காயவைத்தால் மீண்டும் பிடிக்கும். கேஸ் தீர்ந்த பின்னும் பொறி வரும். பொத்தானை அமுக்கும் வகையில் இந்த வசதி இல்லை. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பொறி கிடைத்தாலும் அதைப் பிடிக்க ஒன்று வேண்டுமே! நம்மூர் ஈரத்தில் விறகு நேரே பிடிக்காது. தேங்காய்த் தும்பை மயிர்போலப் பிரித்துக் காயவைத்தால் கனலும், ஊதினால் சுவாலை வரும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் மக்கர் பண்ணும். அதைவிடப் பஞ்சுதான் நல்லது. நெல்லிக்காயளவு பஞ்சில் வாசலின் தடவி, ஓர் ஓரத்தை மட்டும் தடவாமல் உலர விட்டு, வெறும் தைலப் போத்தலில் அடைத்து வையுங்கள். உலர்ந்த ஓரத்தைப் பிய்த்து விரித்துப் பொறியைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் நின்று எரியும். அதற்குள் சிரட்டைத் துண்டும் ஈர்க்கும் பிடித்துவிடும்.

பொறியைத் தட்டக்கூடாத நேரமும் உண்டு. நிலம் அசைந்து வீடு விரிந்திருந்தால், கேஸ் குழாயும் இழுபட்டிருக்கலாம். நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். மணம் வந்தால் லைட்டர் மட்டுமல்ல, மின் சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள். முடிந்தால் சிலிண்டரைப் பூட்டி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால் அடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிள்ளை, அடையாள அட்டை, மருந்து, அந்தச் சிறு போத்தல் - இவற்றோடு இறங்கிவிடுங்கள்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், சகோதரி: ஊருக்கு வரும்போது லைட்டரைப் பயணப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டாம், விமானத்தில் அதற்கு அனுமதியில்லை. அதை அக்குறணைக் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.