காட்டு நெல்லும் நாணலும் களைகள் தாமா?

தானாக முளைக்கும் புல் பூண்டு யாவற்றையும் களை என்னும் ஒரே பெயரில் அடக்கி அழிப்பது குடியானவர்களின் வழக்கம். விளைநிலத்தில் அது அவசியமே. ஆயினும் ஏரி உட்புறத்திலும், ஓடைக்கரையிலும், புறம்போக்குக் குட்டைகளிலும் உள்ளவற்றையும் அவ்வாறே எண்ணி, தீயிட்டும் மருந்து தெளித்தும் வேரறுப்பது விவேகமாகாது. அவற்றுட் சில, பயிர்களுக்கு நெருங்கிய சுற்றத்தைச் சேர்ந்தவை.

நெல் இதற்குத் தக்க உதாரணமாகும். சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ் 1753-ம் வருஷத்தில் அதற்கு ஒரைசா சட்டைவா என்று பெயரிட்டார். ஒரைசா என்னும் அப்பேரினத்தில் 20-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு; பயிரிடப்படுபவை 2 மாத்திரமே; ஏனையவை காட்டு நெற்கள். அவற்றுள் நிவரா என்பது கோடையில் வற்றும் குட்டைகளில் வளர்ந்து, ஓராண்டில் மடிந்து, விதையால் பெருகுவது. ரூபிபோகன் என்பதோ நீர் நிற்கும் இடங்களில் பல ஆண்டு வாழ்ந்து, தூராலும் விதையாலும் பெருகுவது. இவ்விரண்டையும் ஒரே சிற்றினமாகக் கொள்ளும் சாஸ்திரிகளும் உளர்.

வயல் நெல்லின் பூவில் ஆண் பெண் உறுப்புக்கள் ஒரே உமிக்குள் அமைந்திருப்பதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. ஆகவே நல்ல ரகத்தின் குணம் தலைமுறை தோறும் மாறாமல் நிற்கிறது. கரும்போ கரணையால் பெருக்கப்படுவது. ஒரு ரகம் நட்ட தோட்டங்கள் யாவும் ஒரே செடியின் துண்டுகளே. இந்த ஒருமைப்பாடு விளைச்சலுக்கு நன்மை; புதிய நோய் தோன்றுங்கால் அதுவே ஆபத்து. ஒன்றைத் தாக்குவது அனைத்தையும் தாக்கும்.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில், புகையான் பூச்சி பரப்பும் புல்குட்டை நோய் தென்கிழக்காசியாவில் நெற்பயிரைப் பாழாக்கியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில், நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த நிவரா ஒன்றே. அதன் குணத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஐ.ஆர். 36 என்னும் ரகம் 1976-ல் வெளியாயிற்று. அதற்கு வெகு காலம் முன்னரே, 1912-ல் ஏற்பட்ட கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் கரும்பை நாணலுடன் கலந்து, கோ. 205 என்னும் ரகத்தை 1918-ல் அளித்தனர். இனிப்பில்லாத நாணலே அதற்கு உறுதியைக் கொடுத்தது.

காட்டு நெல் வயலுக்குட் புகுந்தால் நஷ்டமன்றோ என்று மிராசுதாரர் கேட்பது நியாயமே. அதன் மணிகள் அறுப்புக்கு முன்னரே உதிர்ந்து மண்ணில் உறங்கி, மறு பருவத்தில் முளைக்கும். அதன் மகரந்தம் பயிரிலும் கலக்கக்கூடும். ஆதலால் வயலிலும், விதைக்கென ஒதுக்கிய நிலத்தின் அருகிலும் அதைக் கதிர் முற்றுமுன் பிடுங்கிவிடுவதே முறை. வயலுக்கு வெகு தூரத்திலுள்ள குட்டையில் அதனால் யாதொரு தீங்கும் இல்லை.

விதைகளைக் குளிர் அறைகளில் சேமித்து வைக்கும் நிலையங்கள் இருக்கின்றன என்பதும் உண்மையே. ஆனால் அறையிலுள்ள விதை உறங்குகிறது. குட்டையிலுள்ள செடியோ வறட்சியோடும் பூச்சியோடும் ஆண்டுதோறும் போராடிப் புதிய குணங்களைப் பெறுகிறது. இரண்டும் வேண்டும்.

புறம்போக்கைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள், குட்டைகளைத் தூர் வாருங்கால் ஒரு மூலையையேனும் தொடாது விடும்படி செய்தல் நலம். அதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு முறை அழிந்த இனத்தை எவ்வளவு செலவு செய்தும் மீண்டும் உண்டாக்க இயலாது.