ஸ்மார்ட் பல்பு வாங்கினால் கரண்ட் பில் குறையுமா? 500 யூனிட் கணக்கு சொல்வது என்ன?

எதிரெதிர் வீடுகள். இரண்டு மாத ரீடிங்கில் ஒரு வீட்டில் 500 யூனிட், இன்னொரு வீட்டில் 501. முதல் வீட்டுக்கு கரண்ட் பில் 1,805 ரூபாய். இரண்டாவது வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஓடியது ஒரே ஒரு யூனிட் கூடுதல், பில்லில் ஏறியது 243 ரூபாய்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் அமலான வீட்டுக் கட்டணத்தின்படி போட்ட கணக்கு இது. (2025 ஜூலையில் 3.16 சதவீத உயர்வு வந்தபோது வீடுகளுக்கான சுமையை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது.) முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500-ஐ தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய், அதே 100 யூனிட்டுக்கும் 4.70 ரூபாய். அதற்கு மேல் 501-லிருந்து 600 வரை 8.40, அடுத்த 200 யூனிட்டுக்கு 9.45 என்று படி ஏறிக்கொண்டே போகும்.

ஆன்லைன் தள்ளுபடி சீசனில் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், வாய்ஸ் ஸ்பீக்கர் என்று கார்ட்டில் போடும் முன் பார்க்க வேண்டியது இந்த அட்டவணையைத்தான். 'மின்சாரம் மிச்சமாகும்' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். எத்தனை யூனிட் மிச்சம் என்று போட்டிருக்காது.

பல்பில் தொடங்கினால் நஷ்டம்தான்

9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். அதை ஸ்மார்ட் பல்பாக மாற்றி, ஆள் இல்லாதபோது தானாக அணையும்படி செய்து, தினமும் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.54 யூனிட். ஆனால் ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபையில் காது கொடுத்தபடியே இருக்கும். அதற்கு அரை வாட் இழுத்தால், மீதி 20 மணி நேரத்துக்கும் சேர்த்து 60 நாளில் 0.6 யூனிட். மிச்சம் பிடித்ததை அதுவே சாப்பிட்டுவிட்டது.

அழகுக்கு வாங்கலாம், வசதிக்கு வாங்கலாம். பில் குறைய வாங்குவதில் அர்த்தமில்லை. போதாக்குறைக்கு, வீட்டில் அம்மாவோ அப்பாவோ பழக்கதோஷத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று வந்து நிற்கும். நடுராத்திரி பவர் கட் ஆகி கரண்ட் திரும்பும்போது சில பல்புகள் முழு வெளிச்சத்தில் தானாக எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கென்று ஆப்பில் ஒரு செட்டிங் உண்டு, முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது.

அப்போ யூனிட் எங்கே போகுது?

சூடாக்குவது, குளிர வைப்பது, விடாமல் சுற்றுவது. இந்த மூன்றில்தான்.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 75 வாட் வரை இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுற்றுவட்டாரத்திலேயே நிற்கும். 40 வாட் வித்தியாசம், தினமும் 15 மணி நேரம், 60 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 36 யூனிட். ஆப், ரிமோட், வாய்ஸ் கமாண்ட் எதையும் தொடாமலேயே கிடைக்கும் மிச்சம் இது. வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் மோட்டார், ஆப் அல்ல. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டதால் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கீசரில் வேறு மாதிரி கசிவு. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற சுமார் அரை யூனிட் தேவை. கடைசி ஆள் குளித்து முடித்ததும் டேங்கில் புதுத் தண்ணீர் நிரம்பிவிடும். சுவிட்சை அணைக்க மறந்து ஆபீஸ் கிளம்பினால், அந்தத் தண்ணீரும் யாருக்கும் இல்லாமல் கொதித்து, மாலைக்குள் ஆறிப்போகும். தினமும் இப்படி நடந்தால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் வரை வீண். டைமர் வைத்த ஸ்மார்ட் பிளக் உண்மையிலேயே காசைத் திருப்பித் தரும் இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கீசர் 2,000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கை மாட்டினால் சூடாகி உருகும், 10 ஆம்பியரும் விளிம்பில்தான். 16 ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும். ஏ.சி.க்கும் அதேதான். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யை பிளக்கில் சட்டென்று துண்டிப்பது கம்ப்ரஸருக்கு நல்லதல்ல. ரிமோட் சிக்னலை அனுப்பும் சின்னப் பெட்டி தனியாகவே கிடைக்கிறது, பழைய ஏ.சி.க்கு அது போதும்.

ஏ.சி. எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை அதன் ஸ்டார் லேபிளே சொல்லும். அதில் இருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. 800 என்று போட்டிருந்தால் சராசரியாக மணிக்கு அரை யூனிட். அறைக்கு அறை இது மாறும் என்றாலும், காலை 7 மணிக்குப் பதில் 4 மணிக்கே ஏ.சி. அணைந்து ஃபேன் தொடர்ந்தால் இரண்டு மாதத்தில் 90 யூனிட் அளவுக்குக் குறைய வாய்ப்பு உண்டு. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் ஸ்டார் லேபிள் உள்ள ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஏ.சி.க்களை 20 முதல் 28 டிகிரிக்குள் மட்டுப்படுத்தும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்ததும் இதே கணக்கில்தான்.

ஒண்ணு சொல்லணும். இந்த 4 மணி டைமருக்கு ஸ்மார்ட் சாதனமே வேண்டாம். ஏ.சி. ரிமோட்டிலேயே அந்த பட்டன் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதைத் தொட்டவர்தான் இல்லை.

83 யூனிட், 926 ரூபாய்

இரண்டு மாதத்துக்கு 580 யூனிட் ஓடும் வீடு. பில் 2,712 ரூபாய். இரண்டு ஃபேனை மாற்றினால் 72 யூனிட் குறையும். பார்க்காத நேரத்திலும் 10 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் செட்-டாப் பாக்ஸை தினமும் 19 மணி நேரம் பிளக் துண்டித்தால் இன்னொரு 11 யூனிட். மொத்தம் 497. பில் 1,786 ரூபாய். மிச்சமானது 83 யூனிட்தான், ஆனால் 926 ரூபாய் குறைகிறது. யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல்.

இதே 83 யூனிட்டை 380-லிருந்து 297-க்குக் கொண்டுவந்த வீட்டில் மிச்சம் 390 ரூபாய்தான். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே சாதனத்தின் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதும் மாறும்.

வாடகை வீட்டில் கதை வேறு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கும் உரிமையாளர்கள் நிறைய. அங்கே 100 யூனிட் இலவசமும் இல்லை, 500 கோடும் இல்லை. எந்த யூனிட் மிச்சமானாலும் அதே காசு. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போக முடிகிற பிளக்கும் ஃபேனும்தான் அவர்களுக்கு லாபம்.

தனித்தனி சாதனங்களைக் கோர்ப்பதில் பலன் உள்ள இடம் ஒன்று உண்டு: வீட்டைப் பூட்டிக் கிளம்பும் நேரம். போன் வீட்டை விட்டு விலகியதும் கீசர், ஏ.சி., ஃபேன், டி.வி. எல்லாம் ஒரே கட்டளையில் அணையும்படி செய்தால் மறதிக்கு இடமில்லை. பாட்டி வீட்டில் தங்கியிருந்தால் மட்டும் இந்த வசதியை போட வேண்டாம், இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

இனி நேரத்துக்கும் விலை

மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் மத்திய அரசு செய்த திருத்தம், சூரிய மின்சாரம் பெருகும் பகல் நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும் என்கிறது. உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 1.1 மடங்குக்குக் குறையாத கட்டணம். வீடுகளுக்கு இது ஸ்மார்ட் மீட்டரோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் 2024 வீட்டுக் கட்டண அட்டவணை நேரத்தைப் பார்க்கவில்லை, யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது.

அது மாறினால் தண்ணீர் மோட்டாரும் வாஷிங் மெஷினும் மதியம் ஓடுவதே மலிவு. அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்பவருக்கு சுவிட்ச் போட ஆள் வேண்டும். இப்போதைக்கு வசதியாகத் தெரியும் டைமர், அன்றைக்கு அவசியமாகும்.

அதுவரை காசில்லாமல் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ரீடிங் எடுத்த 30-வது நாள் மீட்டரைப் பார்த்து, பழைய ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 250-ஐ தாண்டியிருந்தால், 500-க்குள் நிற்க இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.