சேவை என்றால் வேலை இல்லையா?

தொண்டு நிறுவனத்தில் சேர்வது வெறும் பொழுதுபோக்கு, அதற்குப் பதில் வீட்டிலிருந்து குரூப் 4-க்குப் படிக்கலாம் என்று பெற்றோர் பலர் வாதிடுகிறார்கள். திருச்சியில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது அநியாயம். ஸ்கோப்பும் கிராமாலயாவும் இந்த ஊர்த் தொண்டு நிறுவனங்கள். ஸ்கோப்பின் மராச்சி சுப்புராமனுக்கு 2021இலும், கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எதற்காக? கழிப்பறைக்காக! அந்தப் பணிக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வேண்டும், மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டைச் சரிபார்க்க வேண்டும், மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதில் பாதி இப்போதே தெரியும்.

சம்பளம் குறைவு என்ற புகாரை ஏற்கிறேன். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அந்த நன்கொடையை நம்பியிருக்கும் இடங்களில் அலுவலக ஊழியர் சம்பளமும் அந்த இருபதுக்குள்தான் அடங்க வேண்டும். அதற்காகப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். நியமனக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சேவை என்று சொல்லி இனாமாக வேலை வாங்குகிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.