அயல்நாடு வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், துபாயிலும் ரியாத்திலும், அமெரிக்காவிலும் உழைத்து ஜீவனம் நடத்திக்கொண்டு, இங்கே ஒரு வீட்டையோ, சிறு நிலத்தையோ, வங்கியில் ஒரு வைப்புத் தொகையையோ விட்டுவைத்து, திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் தவறாமல் வந்து போகிற சகோதர சகோதரிகளுக்கும், அவர்கள் பொருட்டு அச்சொத்துக்களைப் பாதுகாத்து வருகிற பெற்றோர்களுக்கும், வங்கிப் பணியிலும் வரிக் கணக்குத் தொழிலிலும் இருந்து ஓய்வு பெற்றவர்களும், அயல்நாட்டில் பல்லாண்டுகள் இருந்து சிவகங்கைச் சீமைக்குத் திரும்பியவர்களுமாகிய நாங்கள் ஒன்றுகூடி இவ்விஞ்ஞாபனத்தைச் சமர்ப்பிக்கிறோம். நாங்கள் வேண்டுவது ஒன்றே: இந்நாட்டில் உங்களுக்குள்ள சொத்துக்கும் அதன் வருவாய்க்கும் உரிய வரிக் கணக்கை நீங்களே சிரத்தையுடன் வைத்துக்கொள்ளுங்கள், வயோதிகத் தாய் தந்தையர் தலையில் அதைச் சுமத்தாதீர்கள்.

வரி அலுவலகத்தின் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் உங்கள் தகப்பனார்களே. மகன் அனுப்பிய பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, வீட்டு வாடகை யார் பெயரில் வருகிறது, பவர் பத்திரம் எப்போது எழுதப்பட்டது என்று நாங்கள் கேட்கும்போது, வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தறியாத அம்மனிதர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்களைப் போலக் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் துணிந்தோம்.

இவ்விஷயத்தில் இரண்டு தவறான அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. வெளிநாட்டில் இருப்பவனுக்கு இங்கே வரியே கிடையாது என்பது ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி செலுத்தியாக வேண்டும் என்பது மற்றொன்று. நம் சட்டம் முதலில் கேட்பது, ஒரு நிதியாண்டில் நீங்கள் இந்நாட்டில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதையே. அயல்நாட்டில் வாழ்ந்து இங்கே வந்து போகும் இந்தியப் பிரஜை 182 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக அவர் இங்கே குடியிராதவர்; அவர் அங்கே ஈட்டிய சம்பளத்தின் மீது இங்கே வரி இல்லை. ஆனால் இங்கே விளைந்த வாடகையும் வட்டியும் சொத்து விற்ற லாபமும் எத்தேசத்தில் அவர் இருந்தாலும் இங்கே வரிக்கு உட்பட்டவை. 2020ஆம் ஆண்டில் வந்த திருத்தத்தால், இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டவர்கள், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்கள் இங்கே இருந்திருப்பின், 120 நாட்கள் தங்கினாலே குடியிருப்பவர் என்ற வகைக்குள் வந்துவிடுவார்கள் என்பதையும், பேரன் பேத்தியைப் பார்க்க வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில், வளைகுடாச் சம்பளத்துக்கும் வரி வந்துவிட்டது என்று பரவிய பீதி ஆதாரமற்றது. அங்கே நேர்மையாக உழைப்பவரின் ஊதியத்தைத் தொடும் நோக்கம் இல்லை என்று அரசாங்கமே உடனடியாகத் தெளிவுபடுத்தியது.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் குழப்பம் அங்கேதான் கருக்கொள்கிறது. வேலை கிடைத்து விமானம் ஏறுகிற அவசரத்தில், கல்லூரி நாளில் திறந்த சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுச் செல்வது வழக்கமாக இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறிய பின் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அயல்நாட்டு ஊதியத்தை அனுப்பிச் சேர்க்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இங்கே வரிவிலக்கு உண்டு, என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு விலக்கில்லை, வங்கியே 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இருக்கும் நாட்டோடு இந்தியா செய்துகொண்டுள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி அவ்விகிதம் குறையக்கூடும். அதற்கு அந்நாட்டு வரி அலுவலகத்தின் குடியிருப்புச் சான்றிதழைப் பெற்று வங்கியில் கொடுக்க வேண்டும். பழைய கணக்கை மாற்றாதிருப்பவர், தமக்கு உரிமையில்லாத சலுகையை அறியாமலே அனுபவித்துக்கொண்டிருக்கிறார். 2025-26 முதல் 12 லட்சம் வரை வரியில்லை என்று வந்த செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பலர். அது இங்கே குடியிருப்பவர்க்கு மட்டும் அளிக்கப்படும் தள்ளுபடி, உங்களுக்கு அது பொருந்தாது.

இனி, ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். வெளிநாட்டுவாசியின் வீட்டில் குடியிருப்பவர் வாடகை கொடுக்கும்போதும், அவருடைய மனையைக் கிரயம் வாங்குபவர் பணம் கொடுக்கும்போதும், வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குச் செலுத்தும் பொறுப்பு பணம் கொடுப்பவருடையதாகிறது. விற்பவர் இங்கே குடியிருப்பவராயின் 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் போகும் கிரயத்துக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும். அவர் வெளிநாட்டுவாசியாயின் அவ்விதி செல்லாது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் இதை எடுத்துச் சொல்பவர் அரிது. விற்பவரின் தம்பி பவர் பத்திரத்தோடு வந்து கையெழுத்திட்டுவிடுகிறார். வாங்குபவரோ எதிரே நிற்பவர் உள்ளூர்க்காரர்தானே என்று எண்ணி 1 சதவீதம் மட்டும் பிடிக்கிறார். ஓராண்டு கழித்துப் பிடிக்கத் தவறிய வரியும் வட்டியும் அவர் மீது விழுகின்றன, இரண்டு குடும்பங்களின் சிநேகமும் முறிகிறது. மறுபுறம், சட்டத்துக்கு அஞ்சிக் கிரயத் தொகை முழுவதன் மீதும் வரி பிடித்துவிடுவோரும் உண்டு. லாபத்துக்கு மட்டுமே வரி உரியது என்பதால், விற்பனைக்கு முன்னரே வரி அதிகாரியிடம் குறைந்த விகிதப் பிடித்தத்துக்கான சான்றிதழ் பெற்றுவிடுவது இருவருக்கும் நலம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பத்து நாள் விடுமுறையில் வந்து மனையை விற்றுவிட்டுத் திரும்பலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு இது புதிய விஷயமன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்துக் கொண்டுவிற்ற நகரத்தார், மூன்றாண்டுத் தவணைக்குப் போன முகவர் திரும்பும்போது ஐந்தொகை எடுத்துக் கணக்கை நேர் செய்த பிறகே அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அயல்நாட்டு லாபத்தை இங்கே கொண்டுவந்தால் வரி என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய காலத்திலும், குடியிருந்தும் வழக்கமாகக் குடியிராதவர் என்றொரு வகையை 1939ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்படுத்திய காலத்திலும், அவர்கள் வாதாடியது பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான். அக்கணக்கு நேர்மை நமக்குப் பூர்வீகமாக வந்த சொத்து என்று நாங்கள் நம்புகிறோம்.

அந்த 1939ஆம் ஆண்டு வகை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. திரும்பி வருகிறவர்களுக்கு அது பெரிய நன்மை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாட்களுக்கு மேல் இங்கே தங்காதவர், திரும்பிய பின்னும் சில ஆண்டுகள் அயல்நாட்டு வருவாய்க்கு வரி செலுத்த வேண்டியதில்லை. அக்காலம் கழிந்ததும் அங்குள்ள வங்கிக் கணக்கு, பங்கு, வீடு ஆகிய அனைத்தையும் வரி விவரத்தில் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் இடமளிக்கிறது. 2017 முதல் பல நாடுகள் தங்கள் வங்கிக் கணக்கு விவரங்களை இந்தியாவுக்குத் தாமாகவே அனுப்பி வருவதால், யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அந்நாடு தன் பிரஜைகளிடமும் பச்சை அட்டை பெற்றவர்களிடமும் உலகில் எங்கே ஈட்டியதற்கும் வரிக் கணக்குக் கேட்கிறது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியே அறிக்கை கொடுக்கவும் வேண்டும். காரைக்குடியில் தாயார் பெயரில் உள்ள வைப்புத் தொகையில் இரண்டாம் பெயராக உங்கள் பெயர் இருப்பின், அதுவும் இக்கணக்கில் சேரும். தாயாரின் மருத்துவச் செலவுக்காக அன்புடன் சேர்த்த பெயர் அது என்பதை அங்குள்ள அதிகாரி பொருட்படுத்தமாட்டார்.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பழகிய பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டதால், கேள்வி ஞானத்தை நம்பியிருப்பவர்களின் சிரமம் இன்னும் மிகும். ஆகவே அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒரு முற்பகலை இதற்காக எடுத்து வையுங்கள். நாட்டுக்குள் வந்ததும் போனதுமான தேதிகளைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, வங்கிக்கு நேரில் சென்று எல்லாக் கணக்குகளின் தகுதியையும் சரிபார்த்து, வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் எண்ணோடு பதிவான முகவரியும் மின்னஞ்சலும் இப்போது புழக்கத்தில் உள்ளவைதாமா என்று உறுதி செய்து, பவர் பத்திரத்தின் நகலையும் வீட்டு வாடகைக் கணக்கையும் ஓர் ஆடிட்டரிடம் ஒப்படைத்து, ஜூலை 31க்குள் விவரம் தாக்கல் செய்ய ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள். பெற்றோரின் கையெழுத்து தேவைப்படும் இடங்களில், எதற்காகக் கையெழுத்திடுகிறார்கள் என்பதை அவர்களுக்கு அருகில் உட்கார்ந்து நிதானமாக விளக்கிச் சொல்லுங்கள்.