முறுக்கறிந்தவன் முடங்குவதேன்?

சிங்கம்புணரியில் தென்னைநார்க் கயிறு திரிப்பதைக் கண்டு வளர்ந்த மாணாக்கனுக்கு முறுக்குவிசை புதிதன்று. பிரிகளை ஒருபுறம் முறுக்கி, அவற்றைச் சேர்த்து மறுபுறம் திரித்தால் ஒன்றன் முறுக்கை மற்றது தடுக்கும், கயிறு அவிழாது. பள்ளியில் இவ்விசையைத் தமிழிலேயே கற்றுக் கணக்கும் போட்டவன், கல்லூரி சென்றதும் இயற்பியல் வினாத்தாளை ஏந்தி மூத்த மாணாக்கரின் வாயிலில் நிற்கிறான். அவன் வேண்டுவது விடையன்று, வினாவின் பொருள்! 'டார்க்' என்பது தான் அறிந்த முறுக்குவிசையே எனத் தெரிந்ததும் கணக்கைத் தானே முடித்துவிடுகிறான். இவனையா அறிவு குறைந்தவன் என்பது?

குடந்தைக் கல்லூரியில் இராமானுசன் 1905இல் படிப்புதவித் தொகையை இழந்தது கணக்கில் தோற்றா? ஆங்கிலக் கட்டுரையில் தோற்றன்றோ! கணக்கொன்றிலேயே மூழ்கி மற்றவற்றைப் புறக்கணித்தார் என்பர். இருக்கட்டும்; கணக்கறிவை ஆங்கிலத்தால் அளந்த கோல் கோணற்கோலே.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. பொறியியலுக்கு இயன்ற தமிழ் இயற்பியலுக்கு இயலாதா? எந்தக் கல்லூரியாயினும் இயற்பியல், கணக்கு வினாத்தாள்கள் தமிழிலும் அச்சிடப்பெறல் வேண்டும். கலைச்சொல்லின் பக்கத்தில் அயற்சொல்லும் இருந்துவிட்டுப் போகட்டும், தடையில்லை.